லோகநாயகிக்கு இல்லாத வலிப்பு

லோகநாயகிக்கு வலிப்பு நோய் கிடையாது. பிறந்ததிலிருந்து ஒருமுறைகூட வந்ததில்லை. கரையான்சாவடியில் யாரைக் கேட்டாலும் வேறு மாதிரிதான் சொல்வார்கள். அதற்குக் காரணம் நான்.

அவள் அண்ணன் துலுக்கானம் எங்கள் அடுத்த வீட்டுக்காரர். பூந்தமல்லி பஸ் நிலையத்துக்கு எதிரே பஞ்சர் கடை வைத்திருந்தார். 1989இல் தங்கையைச் செம்பரம்பாக்கத்து நாகேந்திரனுக்குக் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளைக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் பிட்டர் வேலை. மறு வருடம் பெண் குழந்தை பிறந்தது. இருபதாம் நாள் லோகநாயகி பேச்சை நிறுத்தினாள். சாப்பாடும் நின்றது. பால் கட்டி ரவிக்கை நனைந்திருக்கும், குழந்தை பக்கத்தில் அலறும், அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். மாமியார் கன்னியம்மாள் வேப்பிலை அடித்துப் பார்த்தாள். அதற்கும் அசையாததால் மணிக்கட்டில் கரண்டியைக் காய்ச்சி இழுத்தாள். அந்தத் தழும்பைப் பார்த்த பிறகுதான் துலுக்கானம் தங்கையை அழைத்து வந்தார். குழந்தையை அனுப்ப மறுத்துவிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் கீழ்ப்பாக்கம் என்றால் ஊர்ப்பெயர் அல்ல, வசவு. துலுக்கானம் அங்கே, மனநல ஆஸ்பத்திரியில்தான் அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

"மயக்க ஊசி போட்டு, நெத்தில ரெண்டு பக்கமும் கரண்ட் வெக்கிறாங்கோ தம்பி. ரெண்டு நிமிசம்கூட இல்ல. என்னப் பாக்க உடல" என்று என்னிடம் சொன்னார்.

நான்காவது முறை முடிந்த அன்று மதியம், வார்டில் அவர் வாங்கிக் கொடுத்த டீயை ஒரு வாய் குடித்துவிட்டு லோகநாயகி பேசினாள். "இன்னாண்ணா இது, டீயா, கயனித் தண்ணியா?" எட்டு மாதத்தில் முதல் பேச்சு. அவர் வராந்தாவுக்குப் போய் அழுதாராம். ஆறாவது முறைக்குப் பிறகு அவள் கேட்டதெல்லாம் குழந்தையை மட்டும்தான்.

தெளிந்துவிட்டால் அழைத்துக்கொள்கிறேன் என்று நாகேந்திரன் சொல்லியிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவோடும் குழந்தையோடும் வந்தான். லோகநாயகி எண்ணெய் வைத்துத் தலை பின்னி, புடவை மடிப்புக்கூடக் கலையாமல் உட்கார்ந்திருந்தாள். துலுக்கானம் ஆஸ்பத்திரிச் சீட்டை என் கையில் கொடுத்தார்.

"நம்ம தெருவுல பி.எஸ்சி. படிச்சது தம்பி ஒண்ணுதான். படி தம்பி, கொணமாய்ட்ச்சின்னு போட்டுக்கீது பாரு."

போட்டிருந்தது. அதற்கு மேல் வரியில் ஈ.சி.டி. ஆறு முறை என்றும் இருந்தது. கரண்ட் வைத்தார்கள் என்று சொல்லியிருக்கலாம். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்த மூன்று எழுத்துகளின் விரிவை, இரண்டு நாள் முன்பு துலுக்கானம் சீட்டைக் காட்டிய அன்றே, கிளை நூலகத்து அகராதியில் பார்த்து வைத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியவர் எனக்கு முன்னால் யாருமில்லை. அத்தனை பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து நின்று படித்தேன்.

"ஆறு முறை மின்சார வலிப்புச் சிகிச்சை."

"இன்னா சொன்ன? வலிப்பா?" என்றாள் கன்னியம்மாள்.

காசநோய்ச் சிகிச்சை என்றால் காசநோய்க்குச் செய்வது. நாய்க்கடிச் சிகிச்சை என்றால் நாய்க்கடிக்கு. அவள் தமிழைச் சரியாகத்தான் புரிந்துகொண்டாள்.

"வலிப்புக்கு இல்லம்மா. மூளைக்குக் கரண்ட் குடுத்து, வலிப்பு வரவெச்சி, அதால மனசு சரியாவும்..."

"டாக்டரே வலிப்ப வரவெச்சானா? யார் காதுல நைனா பூ சுத்துற?"

நாகேந்திரன் சிரித்தான். "ஆறு தபா வந்துகீதும்மா. எண்ணி எய்தி வெச்சிக்கீறாங்கோ."

"பொண்ணு பாக்கசொல்லோ வாயத் தொறந்தீங்களா? வலிப்புக்காரிய எங்க தலைல கட்டிக்கீறீங்கோ" என்றாள் கன்னியம்மாள்.

லோகநாயகி எழுந்தாள். "அத்தே, எனக்கு வலிப்பெல்லாம் கெடியாது. மனசுதான் செத்துக் கெடந்துச்சி. இப்ப நல்லாகீறேன். கொயந்தய ஒரு தபா குடு அத்தே." நீட்டிய இரண்டு கைகளும் நடுங்கின.

"பாரு, பாரு, இப்பவே இஸ்துக்குது!" என்று கன்னியம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

அடுத்த மாதம் வக்கீல் நோட்டீஸ் வந்தது. 'வலிப்பு நோயை மறைத்துத் திருமணம்' என்றிருந்தது. விளக்கமாக மூன்று பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். "நீ படிச்சது போதும் தம்பி" என்றார் துலுக்கானம். அவர் வழக்காடவில்லை. அவர்களுக்கு ஒரு சாக்குதான் வேண்டியிருந்தது, நான் இல்லாவிட்டாலும் வேறு ஒன்று கிடைத்திருக்கும் என்று சில நாள் எனக்கே சொல்லிக்கொள்வேன். அப்படி நினைப்பது வசதியாக இருக்கிறது. ஆனால் நாகேந்திரன் அன்று காலை வரும்போது, அவளை அழைத்துப் போக ஆட்டோவைத் தெருமுனையில் நிறுத்திவிட்டுத்தான் வந்திருந்தான்.

லோகநாயகி அம்பத்தூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையலுக்குப் போனாள். தெருவில் அவள் சற்றுக் கண் மூடினால் போதும், யாராவது ஓடிவந்து கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வேண்டாம் என்று அவள் சொன்னதில்லை.

1996 ஜூனில் மகள் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தாள் என்று கேள்விப்பட்டு, தனியாகப் போகப் பயந்து என்னையும் கூப்பிட்டாள். அந்த உரிமையை எனக்கு ஏன் கொடுத்தாள் என்று தெரியவில்லை. பள்ளி விட்டதும், இரட்டைச் சடையோடு வந்த குழந்தையின் முன்னால் போய்க் குனிந்தாள். உதடு துடித்தது. குழந்தை இரண்டடி பின்வாங்கி, புத்தகப் பையில் துழாவி, நீளமான ஓர் இரும்புச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தது.

"ஊட்டுல ஆயா சொல்ச்சி, நீ வந்தா குடுக்கச் சொல்லி."

லோகநாயகி சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். குழந்தை அவள் முகத்தையே பார்த்தது.

"நின்னுட்ச்சா?"

"நின்னுட்ச்சிம்மா."

"அப்ப குடு. அது ஊட்டு சாவி."

அவள் விரல்களைப் பிரித்தாள்.