புதுச்சேரி போய்வந்த ஆதிநாராயணன்

என் அக்கா புருஷன் ஆதிநாராயணன், மெட்ராஸை விட்டுவிட்டால், வெளியூர் என்று போனது ஒரே ஒரு தடவை. புதுச்சேரிக்கு, அறுபத்தாறாம் வருஷம் மாசி மாசத்தில், மூன்று நாள். அந்த மூன்று நாளைப் பதினோரு வருஷத்துக்கு மேல் பேசினார். நாற்று நடுகிற இடத்தில் பேசினார். சவரம் செய்துகொள்ளும்போது முகமெல்லாம் சோப்போடு பேசினார். எங்கள் அம்மா செத்த வீட்டில், பாடைக்கு மூங்கில் வந்து சேர்வதற்குள், யாரோ தூரத்து உறவுக்காரரைப் பிடித்து உட்கார வைத்துப் பேசினார்.

"தெருவுங்க நூலு புட்ச்சி போட்ட மாரி இருக்கும். ஒருத்தன் சத்தமா பேச மாட்டான். போலீஸ்காரன் தலையில செவப்புக் குல்லா. நம்மள பாத்தா முசியேன்னுதான் கூப்புடுவான்."

எந்தப் போலீஸ்காரனும் அவரை முசியே என்று, அதாவது பிரெஞ்சில் ஐயா என்று, கூப்பிடவில்லை. நடுரோட்டில் வாயைப் பிளந்துகொண்டு நின்றதற்காக ஒருவன் கையை ஆட்டி ஒதுங்கச் சொன்னான், அவ்வளவுதான். நான் பக்கத்தில் இருந்தேன்.

ஆதிநாராயணனுக்குப் பெரியபாளையத்துக்குக் கிழக்கே, ஆரணியாற்றை ஒட்டி ஏழு ஏக்கர் நஞ்சை. ஒரு ஆயில் என்ஜின், இரண்டு ஜோடி மாடு. உழைப்பாளியா என்று கேட்டால், மற்றவர்களை வேலை வாங்குவதில் சலிக்காதவர். தன்னைவிட ஒரு படி கீழே இருப்பவனிடம் அவர் குரல் ஏறும். ஒரு படி மேலே இருப்பவனைப் பார்த்தால் தோளில் கிடக்கும் துண்டு தானாக இடுப்புக்கு இறங்கும். தாசில்தார் ஜீப் தெருவில் போனால், உள்ளே டிரைவர் மட்டும் இருந்தாலும் எழுந்து நிற்பார். நான் திருவள்ளூர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. அதனால் என்னிடம் அவருக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. என் மேலதிகாரியின் பியூனிடம் அதைவிடக் கூடுதலாக உண்டு.

அவருக்கு ஒரே பெண், சந்திரகலா. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்துவிட்டு, களை எடுக்கவும் மாடு பார்க்கவும் அம்மாவுக்குத் துணையாக இருந்தாள். அதிகம் பேசமாட்டாள். கேட்டதற்கு மட்டும் பதில் வரும், அதுவும் நேராக வரும்.

அறுபத்தைந்தாம் வருஷம் ஆடி மாசத்தில், பவானி அம்மன் கோயிலுக்கு வந்த ஒரு கார் ஆற்று மணலில் மாட்டிக்கொண்டது. ஆதிநாராயணன் மாடுகளைப் பூட்டி அதை இழுத்துவிட்டார். காரில் இருந்தவர் ராஜமாணிக்கம். சைகோன் துறைமுகத்தில் வேலை பார்த்துவிட்டு, பிரெஞ்சுக்காரன் பென்ஷனில் புதுச்சேரியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர். அவர் மனைவிக்குத் தாய்வீடு செவ்வாப்பேட்டை. அந்த அம்மாள் பேசுவதைக் கேட்டால் செவ்வாப்பேட்டை ஸ்டேஷனை ரயிலில் கடந்து போனவள் என்றுகூடச் சொல்ல முடியாது. பேச்சுவாக்கில் இரண்டு வீடும் ஒரே சாதி என்று தெரிந்தது. அவர்கள் மகன் பிரான்சில் பட்டாளத்தில் இருப்பதாகவும், அவனுக்குப் பெண் பார்ப்பதாகவும் தெரிந்தது. அன்றைக்கே ஆதிநாராயணனுக்குத் தூக்கம் போய்விட்டது.

தை முடிகிற சமயம் ஒரு கடிதம் வந்தது. பெண்ணைப் புதுச்சேரிக்கு அழைத்து வந்தால் பார்க்கலாம் என்று எழுதியிருந்தார் ராஜமாணிக்கம். பெண்ணைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டு வாசலில் போய் நிற்பது எந்த ஊர் வழக்கம் என்று என் அக்கா அஞ்சம்மாள் கேட்டாள். பிரெஞ்சுக்காரன் வழக்கம் உனக்கு என்ன தெரியும் என்று அவள் வாயை அடைத்துவிட்டு, படித்தவன் ஒருவன் கூட இருந்தால் கௌரவம் என்று என்னையும் கிளப்பினார். அக்காவை வீட்டிலேயே விட்டுவிட்டு, மூன்று பேரும் மெட்ராஸில் பஸ் ஏறி மத்தியானம் போய்ச் சேர்ந்தோம்.

வீடு பெரிய வீடுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். உயரமான மஞ்சள் சுவர், பச்சைக் கதவு, இழுத்தால் உள்ளே மணி அடிக்கிற சங்கிலி. ஆதிநாராயணன் அந்தச் சங்கிலியை மூன்று முறை இழுத்தார். உள்ளே இருந்து ராஜமாணிக்கத்தின் மனைவி, "ஒரு தரம் அடித்தால் போதும்" என்றாள். அதுதான் எங்களுக்குக் கிடைத்த வரவேற்பு. எங்களை உட்கார வைத்தது கார் நிறுத்துகிற கொட்டகையை ஒட்டிய பெஞ்சில். பின்னாளில் ஆதிநாராயணன் கதையில் அந்த பெஞ்சு பிரம்பு சோபாவாக மாறிவிட்டது.

சாயங்காலம் பெண்ணைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை சட்டம் போட்ட படத்தில், தொப்பியோடு சுவரில் இருந்தான். எப்போது வருவார் என்று நான் கேட்டதற்கு, லீவு கிடைத்தால் என்றார் ராஜமாணிக்கம். அவர் மனைவி சந்திரகலாவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கதிர் அரிவாள் கீறிய கை அது. பிறகு மூக்குத்தியைக் கழற்றச் சொல்லி, முகத்தை வெளிச்சத்தில் பார்த்தாள். சந்திரகலா என்ற பெயர் அங்கே யார் வாயிலும் நுழையாது, காகிதத்தில் கிளேர் என்று மாற்றிவிடலாம் என்றார் ராஜமாணிக்கம். எங்கள் ஆள் சிரித்துத் தலையாட்டினார். அன்று கடற்கரைக்கு நடந்து போனபோது, "கிளேரு, இன்னாமா கிளேரு, அந்தக் கப்பல பாரு" என்று மகளைக் கூப்பிட்டுப் பழகிக்கொண்டே வந்தார். அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

மறுநாள் அவர்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் வருவதாக இருந்தது. ஒரு வெள்ளைக்கார வாத்தியாரும் அவர் சம்சாரமும். ரிட்டயர் ஆகியும் அந்த ஊரிலேயே தங்கிவிட்டவர்கள். சமையற்காரிக்கு உடம்பு சரியில்லை, பெண் கொஞ்சம் கைகொடுக்கட்டும் என்றாள் அந்த அம்மாள். விடியற்காலையிலிருந்து சந்திரகலா அடுப்படியில் இருந்தாள். பத்து மணிக்கு ராஜமாணிக்கம் ஆதிநாராயணனைத் தனியே கூப்பிட்டார். இன்னும் எதுவும் முடிவாகவில்லை, வருகிறவர்களிடம் பெண் விஷயத்தைப் பேச வேண்டாம் என்றார். அவர் ஒரு முறைதான் சொன்னார். எங்கள் ஆள் நாலு முறை "சரிங்க" என்றார்.

வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். நாங்கள் தாழ்வாரத்தின் ஓரத்தில், இந்த முறை நாற்காலியில். கார் இழுத்துவிட்ட கதையை ராஜமாணிக்கம் பிரெஞ்சில் சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். சந்திரகலா தட்டில் கோப்பைகளை எடுத்து வந்தாள். அந்த வெள்ளைக்கார அம்மாள் அவளையும் ஆதிநாராயணனையும் மாறி மாறிப் பார்த்தாள். அதில் அதிசயம் இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே நெற்றி, ஒரே மோவாய். அந்த அம்மாளுக்குத் தமிழ் கொஞ்சம் வரும். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்து, "உங்கள் பெண்ணா?" என்று கேட்டாள்.

ஆதிநாராயணன் ராஜமாணிக்கத்தின் முகத்தைப் பார்த்தார்.

"இல்லீங்க," என்றார். "எங்க ஊருப் பொண்ணு. வேலைக்கி வந்திருக்குது."

வேலைக்கு வந்திருக்கிறது என்று சொல்லச் சொல்லி அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அதை அவரே சேர்த்தார்.

சந்திரகலா கோப்பைகளை ஒவ்வொருவர் முன்னாலும் வைத்தாள், அப்பாவின் முன்னாலும். தட்டைக் கொண்டுபோய் உள்ளே வைத்தாள். கொஞ்ச நேரத்தில், துணிப்பையை எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாகவே வெளியே போனாள். நான் எழுந்தேன். ஆதிநாராயணன் என் வேட்டியைப் பிடித்து, "இரு மணவாளா, மருவாதியா இருக்காது" என்றார். நான் உதறிக்கொண்டு ஓடினேன். அவளைப் பிடித்தபோது அவள் பாதித் தெரு தாண்டியிருந்தாள். மத்தியான பஸ்ஸில் இரண்டு பேரும் திரும்பினோம். திண்டிவனத்தில் இட்லி வாங்கிக் கொடுத்தேன், சாப்பிட்டாள். அழவில்லை.

அவள் அப்பா என்ன செய்தார் என்கிறீர்கள்? தங்கினார். பெண் மரியாதை தெரியாமல் போய்விட்டாள் என்று மன்னிப்புக் கேட்பதற்காக இன்னும் ஒரு பகல், ஒரு இரவு தங்கினார். மூன்றாம் நாள், மது விலக்கு இருந்த நம் சீமைக்குள் ஒயின் வாடை அடிக்க வந்து இறங்கினார். ராஜமாணிக்கம் தன் கையால் ஊற்றிக் கொடுத்தாராம். வாசற்படி ஏறும்போதே அக்காவிடம் சொன்னது அதைத்தான். அக்கா அவருக்கு ஆறு மாசம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அதற்குள் கதையைத் தொடங்கிவிட்டார். சம்பந்தம் நடக்கவில்லை, அதற்குப் பிறகு ஒரு கடிதமும் வரவில்லை. அந்தப் பையன் அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான் என்று செவ்வாப்பேட்டைப் பக்கம் பேச்சு வந்தது. எதுவும் அவரைத் தொடவில்லை. அவர் கதையில் கல்யாணப் பேச்சே கிடையாது, பெண்ணும் கிடையாது. மச்சானும் அவரும் ஊர் பார்க்கப் போனார்கள். பெரிய மனிதர் ஒருவர் தாங்கு தாங்கென்று தாங்கினார். அவ்வளவுதான் கதை.

சந்திரகலா அப்பாவிடம் சண்டை போடவில்லை. அந்த வருஷமே திருவள்ளூரில் டைப்ரைட்டிங் சேர்ந்தாள். எங்கள் வீட்டில் தங்கிப் படித்தாள். மெட்ராஸில் இரண்டு மூன்று இடத்தில் வேலை பார்த்தாள். எழுபத்து நாலில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக எழும்பிய ஒரு இரும்புக் கம்பெனி ஆபீசில் வேலை கிடைத்தது. அங்கே ஃபிட்டராக இருந்த சுப்பிரமணியைத் தானே பார்த்துப் பேசி, அம்மாவிடமும் என்னிடமும் சொல்லிவிட்டுக் கட்டிக்கொண்டாள். ஆதிநாராயணன் கல்யாணத்துக்கு வந்தார். பந்தியில் உட்கார்ந்து, புதுச்சேரியில் சாப்பாட்டுக்குக் கத்தி வைப்பார்கள் என்று பக்கத்து இலைக்காரரிடம் சொன்னார்.

எழுபத்தேழாம் வருஷம் காணும் பொங்கல் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த சந்திரகலா வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. அக்கா வரவில்லை, முட்டி வலி. பக்கத்து வீட்டு யேசுதாஸும் அவர் மனைவி கிரேஸும் வந்திருந்தார்கள். கிரேஸ் சின்ன வயதில் புதுச்சேரியில் அத்தை வீட்டில் இருந்து படித்தவள். அது தெரிந்ததும் ஆதிநாராயணனுக்கு முகம் மலர்ந்தது. சாம்பார் ஊற்றும் முன்பே மணிச் சங்கிலிக்கு வந்துவிட்டார். எந்தத் தெரு என்று கிரேஸ் கேட்டாள். அவருக்குத் தெருப் பெயர் தெரியவில்லை. பெரிய தெரு என்றார். அவள் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள், நல்ல பெண். பிறகு, இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"ஏன் பெரியவரே, மச்சானும் நீங்களும் அவ்ளோ தூரம் எதுக்குப் போனீங்க?"

"சும்மா. ஊரு பாக்கத்தான்."

சந்திரகலா குழம்புச் சட்டியோடு நின்றிருந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"என்னை பொண்ணு காட்டத்தான் இட்டுகினு போனாங்க. அந்த ஊட்டுக்கு வந்த வெள்ளைக்கார அம்மா, இது உங்க பொண்ணான்னு கேட்டாங்க. இல்ல, வேலைக்கி வந்திருக்குதுன்னு நைனா சொல்லிச்சி."

சுப்பிரமணிக்கே அது புதுச் செய்தி. கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டு மாமனாரைப் பார்த்தான். கிரேஸ் இலையைப் பார்த்தாள். ஆதிநாராயணன் ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"அன்னிக்கி நெலமை அப்பிடி," என்றார். பிறகு இலையைக் காட்டி, "கொஞ்சம் ஊத்தும்மா, கத்திரிக்கா ரெண்டு போடு."

அவள் ஊற்றினாள். கத்திரிக்காயும் போட்டாள். அவர் பிசைந்து சாப்பிட்டார், மோர் வரைக்கும் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்துக் கட்டிலில் படுத்து, நாலு மணி வரை குறட்டை விட்டுத் தூங்கினார். எழுந்ததும் டீ குடித்துவிட்டு, கவரப்பேட்டை வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார். வெட்கம் அவரிடம் அரைமணி நேரம்கூடத் தங்காத சரக்கு. அந்த வீட்டில் மட்டும் புதுச்சேரியைப் பற்றி அவர் பிறகு பேசவில்லை. பெரியபாளையம் டீக்கடையில் கதை முன்போலவே ஓடியது.

அவர் போனதும் நான் அடுப்படி வாசலில் நின்றேன். அவள் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். இந்த மனிதரை என்ன செய்வது என்று நான் ஆரம்பித்தேன். ஒரு தகப்பன் செய்கிற காரியமா அது என்றேன். அன்றைக்கு என் வேட்டியைப் பிடித்து இழுத்ததையும், நான் உதறிக்கொண்டு வந்ததையும் சொன்னேன். அதைப் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிரும்.

"மாமா," என்றாள் சந்திரகலா, கையை எடுக்காமலே. "அந்தம்மா கேட்டப்போ நீயும் பக்கத்துலதானே உக்காந்துகினு இருந்த. ஆமா, அவுரு பொண்ணுதான்னு நீ சொல்லியிருக்கலாம் இல்ல?"

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவள், கேட்டால் பதிலுக்காகக் காத்திருப்பாள். காத்திருந்தாள். குழாயில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அன்று நான் ராஜமாணிக்கத்தின் முகத்தைப் பார்த்தேனா, இல்லை, தரையைப் பார்த்தேனா என்பதுகூட எனக்கு நிச்சயமாக நினைவில்லை. பேசவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

"தோணல," என்றேன்.

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. விளக்கிய பாத்திரங்களை என்னிடம் நீட்டி, உள்ளே அலமாரியில் கவிழ்த்து வைக்கச் சொன்னாள்.