எக்ஸ்ரே அக்கா வைத்த நீளப் பெயர்கள்

அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் அவன். யார் கேட்டாலும், “ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டருக்கெல்லாம் எம்மவன்தான் டாக்டர்” என்பாள் அம்மா. அந்தக் கம்ப்யூட்டர் டாக்டருக்கு ஓராண்டாகத் தீராத தலைவலி எக்ஸ்ரே அக்கா.

எல்லா அறைகளுக்கும் பொதுவான சர்வரில் படங்களைப் போடும்போது மற்றவர்கள் கோப்பின் பெயராக எண் மட்டும் கொடுப்பார்கள். அக்கா, ‘ஏணியிலிருந்து விழுந்த பெரியவர் இடது மணிக்கட்டு காது கேட்காது பக்கத்தில் போய்ப் பேசவும்’ என்று பெயர் வைப்பாள். அதோடு சர்வர் படுத்துவிடும். அவன் ஓடிவந்து எழுப்பிவிடுவான்.

“இது பேராக்கா, கடுதாசியா?”

“ஏன் விழுதுன்னு பாரேன். வெறும் எண்ணப் பாத்தா அந்த மனுசனோட வலி தெரியுமா?”

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சர்வர் மென்பொருளைச் செய்தவர்களிடமிருந்து அவசர எச்சரிக்கை வந்தது. கோப்பின் பெயருக்கென நினைவகத்தில் ஒதுக்கிய இடம் சிறியது. நீளமான பெயர் அதில் கொள்ளாமல் வழிந்து, பக்கத்திலிருக்கும் கட்டளைகள் மேல் ஏறிவிடுகிறது. வழிகிற பகுதியில் தன் கட்டளையை ஒளித்து அனுப்புகிறவன் சர்வரையே கைப்பற்றலாம், நோயாளிகளின் படங்களை மொத்தமாக அள்ளலாம். தமிழ் எழுத்து ஆங்கில எழுத்தைப் போல மூன்று மடங்காவது இடம் பிடிக்கும். அக்காவின் பெயர்கள் வழியாமல் என்ன செய்யும்?

ஓராண்டாக அந்த ஓட்டையை அவள் விரல் வைத்துக் காட்டியிருக்கிறாள்.

மேலாளர் கூப்பிட்டனுப்பினார். “அந்தம்மாவாலதானே இத்தனை தடவை விழுந்துச்சு? இனி அவங்க எக்ஸ்ரேல வேணாம். வரவேற்புல உக்காரட்டும்.”

தலையாட்டிவிட்டு வந்திருந்தால் அவன் தப்பித்திருப்பான்.

“இல்ல சார். ஏன் விழுதுன்னு பாருன்னு அவங்க ஒவ்வொரு தடவையும் சொன்னாங்க. நான்தான் பாக்கல. தப்பு என்னோடது.”

மேலாளர் இறங்கிவந்தார். “சரி, அவங்க அங்கயே இருக்கட்டும். நீங்க ஓட்டைய அடைங்க.”

மதிய இடைவேளையில் சர்வரை நிறுத்தித் திருத்தத்தை ஏற்றினான். அக்காவை அழைத்து நீளமாக ஒரு பெயர் கொடுக்கச் சொன்னான். சர்வர் விழவில்லை, ‘பெயர் மிக நீளம்’ என்று திருப்பியனுப்பியது. அக்காவின் முகம் சுருங்கிப்போயிற்று.

“அப்ப இனிமே எண்தானா?”

அவன் திரையில் ஓரிடத்தைக் காட்டினான். ஒவ்வொரு படத்துக்கும் அருகே ஒரு குறிப்புப் பெட்டி. “கடுதாசிய இதுல எழுதுங்க. வழியாது.”

அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

‘படியில் சறுக்கிய அம்மா. வலது கணுக்கால். எலும்பு முறியவில்லை என்பதை முதலில் வாசலில் நிற்கும் மகளிடம் சொல்லவும். ரொம்ப நேரமாக நிற்கிறாள்.’