கல்லுப்பு ஸ்பூன், தூளுப்பு ஸ்பூன்

அந்தோணி ஐயாவின் கால் மறுபடியும் வீங்கியபோது, நான் அந்த வீட்டில் சமையல் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. கல்மண்டபம் பகுதியில் மாடி வீடு. ஐயா ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இதய நோயாளி. மகள் ஜெசிந்தா வேலைக்குப் போகிறவள். அவருடைய சாப்பாடு முழுக்க என் பொறுப்பு.

அன்று காலை செருப்பு அவர் காலில் ஏறவில்லை. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது.

“ஸ்டெல்லாக்கா, அப்பாவுக்கு ஊறுகா எதுனா குடுத்தியா?” என்று ஜெசிந்தா கேட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

“மாதா மேல சத்தியமா இல்லம்மா. ஒரு நாளைக்கு ஒரு ஸ்பூன் உப்பு. அதுக்கு மேல போட்டதேயில்ல.”

அவள் அப்பாவை ஆட்டோவில் ஏற்றி டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். உப்பு எங்கிருந்தோ ஏறுகிறது, கண்டுபிடியுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

எனக்கு ஐயா மேல்தான் சந்தேகம். திரும்பி வந்ததும் நேராகவே கேட்டேன். “கீழ கடைல பஜ்ஜி கிஜ்ஜி துன்னீங்களா ஐயா?”

“இன்னாமா நீ? நான் படியே எறங்கலியே!” என்றவர், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மத்தியானம் ரசத்துக்கு உப்பு எடுக்கும்போதுதான் கை நின்றது. பத்து நாளைக்கு முன் கல்லுப்பு தீர்ந்துபோய், கடையில் அது இல்லாததால் தூளுப்பு பாக்கெட் வாங்கி வந்திருந்தேன். கல்லுப்பில் கல்லுக்குக் கல் இடைவெளி இருக்கும். தூள், ஸ்பூனில் இடம் விடாமல் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

கீழ் வீட்டு ஃபிலோ ஆர்டர் எடுத்து கேக் செய்கிறவள். அவளிடம் கிராம் காட்டும் தராசு உண்டு. வேறொரு வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் கல்லுப்பு கேட்டு வாங்கிக்கொண்டு அவளிடம் போனேன். ஒரே ஒரு ஸ்பூன் வைத்தால் தராசு முள் போல எண் தடுமாறியது.

“பத்து ஸ்பூன் போடுக்கா. வர்றத பத்தால வகுத்துக்கலாம்” என்றாள் ஃபிலோ.

தலைதட்டிப் பத்து ஸ்பூன் கல்லுப்பு, நாற்பது கிராம். அதே ஸ்பூனில் பத்து தூளுப்பு, அறுபது. ஐயாவுக்கு ஒரு நாளைக்கு நாலு கிராம் என்று கணக்கு. நான் ஆறு போட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் டயட் சொல்லும் அம்மா, “கல்லுப்புன்னா ஒரு டீஸ்பூன்” என்றுதான் சொல்லியிருந்தார். நான் ஸ்பூனை மட்டும் மனதில் வைத்துக்கொண்டேன்.

வேலை போகும் என்று தெரிந்தும் சாயங்காலம் ஜெசிந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அந்த ஸ்பூனைக் கையில் வாங்கிப் பார்த்தாள். பிறகு, “நாளைக்கே ஒரு தராசு வாங்கிடலாம்க்கா” என்றாள்.

ஐயாவிடம் போய், “தப்பு என்னுதுதான் ஐயா. உங்களப் போயி சந்தேகப்பட்டுட்டேன்” என்றேன்.

அவர் மெல்லச் சிரித்தார். “அதான் பத்து நாளா உன் ரசம் அவ்ளோ ருசியா இருந்துச்சா! சொன்னா கொறச்சிடுவியேன்னு நான் வாயத் தொறக்கல.”

ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உப்பு பாக்கெட் மாறினால் பத்து ஸ்பூன் நிறுத்துப் பாருங்கள். பத்தியச் சாப்பாடு சாப்பிடுகிறவர் திடீரென்று ருசி பிரமாதம் என்றால், சந்தோஷப்படாமல் இன்னொரு முறை நிறுங்கள்.