ராத்தாவின் இடது கை

பச்சை மருதாணி இலையை அம்மியில் வைத்து நசுக்கும்போது ஒரு வாசம் கிளம்பும். கொட்டைப்பாக்கும் எலுமிச்சைச் சாறும் சேர்ந்தால் வாசல்வரை மணக்கும்... இந்த வயதிலும் அந்த வாசம் வந்தால் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிடும்.

ஜப்பான்காரன் வருவதற்கு முந்திய காலம். பினாங்கில் சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. வாப்பா தெருமுனையில் சர்பத் கடை வைத்திருந்தார். எனக்குப் பதின்மூன்று வயது. அக்காவை நாங்கள் ராத்தா என்போம். அவளுக்குத்தான் கல்யாணம்.

மருதாணி அரைக்க வந்தவர் மாமி, அதாவது வாப்பாவின் தங்கை. தன் மகனுக்கு ராத்தாவைக் கேட்டு, வாப்பா முடியாது என்று சொல்லி, ஆறு மாதம்கூட ஆகவில்லை. அவர் சிரித்த முகத்தோடு வந்து, "எம் மருமவளுக்கு நாந்தான் அரைப்பேன்" என்று அம்மி முன்னால் உட்கார்ந்தார்.

எனக்குப் பிறவியிலேயே சந்தேகப் புத்தி. முறைக்கு மருமகள்தான் என்றாலும், வீட்டுக்கு மருமகள் ஆகாதவளை ஏன் மருமகள் என்கிறார்? ஏன் இவ்வளவு சிரிப்பு? அரைத்த விழுதை ஒரே கிண்ணத்தில் எடுக்காமல் ஏன் இரண்டு தேங்காய்ச் சிரட்டையில் எடுக்கிறார்? எல்லாவற்றையும் மனசுக்குள் குறித்துக்கொண்டேன்.

அன்று மத்தியானம் ராத்தாவின் இடது புறங்கையில் குளவி கொட்டிவிட்டது. கை பொம்மென்று வீங்கியது. மருதாணியைத் தள்ளிப்போட முடியாது, மறுநாள் நிக்காஹ். வாப்பா கடையிலிருந்து மரத்தூள் ஒட்டிய ஐஸ் கட்டியை உடைத்துக் கொண்டுவந்தார். அதைத் துண்டில் சுற்றி, அதன்மேல் இடது கையை மல்லாக்க வைத்து, இரண்டு உள்ளங்கையிலும் மருதாணி வைத்தார்கள். ஐஸ் கரையக் கரைய உம்மா வேறு கட்டி மாற்றிக்கொண்டே இருந்தார். வீக்கம் வடிந்தது. எல்லோருக்கும் நிம்மதி.

மறுநாள் காலையில் மாப்பிள்ளையின் உம்மா நாலு பெண்களோடு வந்தார். வந்ததும் மணப்பெண்ணின் கையைத்தான் பார்ப்பார்கள், அப்போதெல்லாம் அது வழக்கம்.

வலது கை செக்கச் சிவந்திருந்தது. இடது கையோ... வெளுத்த மஞ்சள். கறி சாப்பிட்டுக் கழுவாத கை மாதிரி.

அந்த அம்மாள் ராத்தாவின் இடது கையை எடுத்து விரல் விரலாக அழுத்தினார். கிள்ளினார். "வலிக்கிதா?" என்றார். பிறகு எங்கள் உம்மாவிடம், மெதுவாகத்தான், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி:

"ஒரு பக்கம் ரத்த ஓட்டம் இல்லாத மாரி இருக்கே. பொண்ணுக்கு ஏதும் சாக்கிட்டா, சீக்கா? வாதம் கீதம் இருந்தா முன்னாடியே சொல்லியிருக்கலாம் லா. நான் என் மவன்கிட்ட என்னான்னு சொல்றது?"

ராத்தா அழக்கூட இல்லை, தன் கையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் நின்றால் அந்தத் தெருவில் அவளை வேறு யார் கேட்டு வருவார்கள்? வாதக்காரி என்ற பெயர் ஆயுசுக்கும் போகாது.

நான் முன்னால் போய் நின்று கத்தினேன். "மாமிதான் இடது கைக்கு வேற என்னத்தையோ வெச்சிட்டாங்க! ரெண்டு சிரட்டையில எடுத்தாங்க, நான் பாத்தேன்! அவங்க மவனுக்குக் குடுக்கலன்னு கோவம்!"

ஒருத்தரும் "சும்மா இருடி" என்று என்னை அதட்டவில்லை. உம்மாகூட. எல்லோரும் மாமியைத்தான் பார்த்தார்கள்.

மாமியின் முகம் சுருங்கிப்போயிற்று. எழுந்து போய், இரண்டு சிரட்டையிலும் மிச்சமிருந்த விழுதை ஒரே சிரட்டையில் வழித்துக்கொண்டு வந்தார். மாப்பிள்ளையின் உம்மாவிடம் நீட்டினார். "மோந்து பாருங்க. நல்லா பாத்துக்குங்க." அவரும் விடவில்லை, மோந்து பார்த்தார், விரலால் கிளறியும் பார்த்தார்.

மாமி என் இரண்டு கையிலும் அதையே அப்பினார். "நேத்து எந்தக் கை ஐஸ் மேல இருந்துச்சு? இடது கைதானே? நீயும் ஐஸ் மேல வையி. மத்த கைய அடுப்புப் பக்கம் நீட்டு. இவங்க எல்லாரும் பாக்கட்டும்."

ராத்தாவின் இடது கையிலும் புதிதாக வைத்து, சுட்ட செங்கல்லைத் துணியில் சுற்றி அடியில் கொடுத்தார். வந்த பெண்கள் பாயில் உட்கார்ந்து என் கையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எனக்கு இடது கை மரத்தது, வலது கை காந்தியது. மாமி தோற்க வேண்டும் என்றுதான் அப்போதும் நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

மத்தியானம் ளுஹர் பாங்கு சொன்னதும் கழுவினோம். என் வலது கை நல்ல சிவப்பு. இடது கை அதே வெளுத்த மஞ்சள். சூட்டில் வைத்த ராத்தாவின் கையோ வலது கைக்கு ஈடாகச் சிவந்திருந்தது. ஒரே அம்மி, ஒரே இலை, இரண்டு பேர் வைக்க இரண்டு சிரட்டை... சூடு பட்ட இடத்தில் சாயம் வேகமாக ஏறியிருக்கிறது, குளிரில் தூங்கியிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

மாப்பிள்ளையின் உம்மா என் இரண்டு கையையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், "சரி, பொண்ண உடுத்துங்க" என்றார். அன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ் நடந்தது.

இப்போது பேத்திகள் கடையில் மருதாணிக் கோன் வாங்கி வருகிறார்கள். ஒரு மணி நேரத்தில் கருஞ்சிவப்பு. யார் கலந்தது, என்ன கலந்தது, ஒன்றும் தெரியாது. சந்தேகமே இல்லாமல் கையை நீட்டுகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் பயமாகவும் இருக்கிறது, பொறாமையாகவும் இருக்கிறது.

மாமியிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. யாரும் கேட்கச் சொல்லவும் இல்லை. அதற்கப்புறம் எத்தனையோ பெருநாள், எத்தனையோ விசேஷம்... எல்லாவற்றுக்கும் வந்தார், சிரித்தார். ஆனால் எங்கள் வீட்டு அடுப்படிக்குள் மட்டும் தனியாகப் போகமாட்டார். வாசலில் நின்று, "யாராச்சும் கூட வாங்களேன்" என்பார்.

மௌத்தாகிக் கண்ணை மூடும்வரை அப்படித்தான்.