நானூறு பேரில் ஒருத்தி

எங்கள் தமிழ்ப் பங்குக் கோவிலில் விவிலியம் வாசிப்பவர், பகலில் மருத்துவமனையொன்றில் துப்புரவுப் பணியாளர். ஒடிசலான உடல், மருந்து நீரில் வெடித்த விரல்கள். வாய் திறக்குமுன் மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியால் இருமுறை துடைப்பார்.

வன்னியில் போர் உச்சத்திலிருந்த குளிர்காலம் அது. நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் நகரின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு தாயின் வீட்டில் செபத்துக்குக் கூடியிருந்தோம். வன்னியில் அகப்பட்டிருந்த அவருடைய மகனிடமிருந்து மூன்று வாரமாகச் செய்தியில்லை. அன்றைய வாசகம் ஆகாபு அரசனின் கதை. நானூறு இறைவாக்கினர் போரில் வெற்றி நிச்சயம் என்றார்கள். மீக்காயா ஒருவர் மட்டும் அழிவைச் சொல்லிச் சிறைக்குப் போனார்.

வாசிப்பு முடிந்ததும் ஆளுக்கொரு ஆறுதல் சொல்வது எங்கள் வழக்கம்.

"மகன் வருவான் அக்கா, யோசியாதேங்கோ" என்று ஒவ்வொருவராகச் சொல்லி வந்தார்கள். என் முறையும் வந்தது. "வருவார், அன்ரி" என்றேன்.

கடைசியாக, விவிலியம் வாசித்தவரின் முறை. கண்ணாடியைத் துடைத்தார். "எனக்குத் தெரியாது அக்கா. பயமாக் கிடக்கு."

"அண்ணை, உங்கட வாயில ஒரு நல்ல வார்த்தையும் வராதோ?" என்று ஒருவர் சீறினார்.

அந்தத் தாய் கையமர்த்தினார். "அவரை விடுங்கோ. எனக்கும் பயமாத்தான் கிடக்கு. இவ்வளவு நேரமும் அதைச் சொல்ல ஒருத்தரும் விடேல்லை."

வாசித்தவர் தமது கதிரையைத் தாயருகே இழுத்துப்போட்டு அமர்ந்தார். நானூறு பேரில் ஒருத்தியாக நான் அசையாமல் இருந்தேன்.

அந்த மகனுக்கு என்ன ஆயிற்று என்று வாசித்தவரிடம் இன்றுவரை நான் கேட்டதில்லை. கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவார்.