அப்பாவுக்கு எடுத்துப் போன வேட்டி

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அப்பா இறந்துபோனார். வடக்கனந்தல் பக்கம் கரும்பு வெட்டப் போன இடத்தில் பாம்பு கடித்துவிட்டது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அது மாசி மாதம்.

அதற்குப் பிறகு அம்மா வேலைக்கும் போகவில்லை, கோயிலுக்கும் வரவில்லை. சோறு ஆக்கி எனக்குப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். எங்கள் சபை உபதேசியார் ஜெபம் பண்ண வந்தார். "உயிர்த்தெழுதல்னு ஒண்ணு நமக்கு இருக்குதும்மா" என்றார்.

"இருந்துட்டுப் போவட்டுங்க. எனக்கு அவரு இப்ப இல்லியே" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டாள்.

அம்மா விட்டதை நான் பிடித்துக்கொண்டேன். ஈஸ்டருக்கு முந்தின வாரம் ஞாயிறு பள்ளியில் உபதேசியார் கதை சொன்னார். கல்லறை திறந்திருந்ததாம். ஏசு அங்கே இல்லையாம். அவரைச் சுற்றியிருந்த துணிகள் மட்டும் கிடந்தனவாம். மற்ற பிள்ளைகள் ஏசு எழுந்ததைக் கேட்டு வாயைப் பிளந்தார்கள். எனக்கோ அந்தத் துணி பெரிய கவலையாகிவிட்டது.

ஈஸ்டர் அன்று விடிந்ததும் பெட்டியைத் திறந்து அப்பாவின் வேட்டியையும் நீலச் சட்டையையும் எடுத்தேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். கல்லறைத் தோட்டம் ஊருக்கு மேற்கே இருந்தது. அப்பாவின் மண்மேட்டருகே துணிகளை மடித்து வைத்தேன். எழுந்து வரும்போது அவர் கூச்சப்படக்கூடாது அல்லவா? அதனால் முதுகைக் காட்டிக்கொண்டு, கல்வராயன் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்தேன்.

வெயில் ஏறியது. அம்மாதான் வந்தாள். தலை அவிழ்ந்து கிடந்தது, காலில் செருப்பில்லை. என்னைக் காணாமல் வழியிலிருந்த கிணறுகளையெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்திருக்கிறாள். என்னை இழுத்து முதுகில் ஒன்று வைத்தாள். உடனே இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"இன்னாடி பண்ணிக்கினு இருக்க இங்க?"

"அப்பா எழுந்து வந்தா துணி வேணாமா? ஏசுசாமி துணியெல்லாம் உள்ளயே வுட்டுட்டுப் போயிட்டாராம். அப்பா எப்படிம்மா ஊருக்குள்ள நடந்து வருவாரு?"

அம்மா என்னையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். மண்ணிலேயே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள்.

"பம்புசெட்டுல குளிக்கக்கூட சட்டைய கழட்டாத மனுசன்டி உங்கப்பா. வெக்கம் ஜாஸ்தி" என்றாள். இரண்டு மாதத்தில் அப்பாவைப் பற்றி அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

"அப்ப, வரமாட்டாரா?"

அம்மா மண்மேட்டின் பக்கம் திரும்பினாள்.

"வருவாரு. ஏசு கூப்புடற அன்னிக்கு வருவாரு. நிச்சயமா வருவாரு" என்றாள். எனக்குச் சொல்வதுபோல் இல்லை. பிறகு என் கையைப் பிடித்தாள். "வா, ஆராதனை முடிஞ்சிடப் போவுது."

வீட்டுக்குக்கூடப் போகாமல், புழுதிக் காலோடு இருவரும் கோயிலுக்குள் நுழைந்தோம். "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்று உபதேசியார் சொன்னார். "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று எல்லோரும் பதில் சொன்னார்கள். எல்லாக் குரலுக்கும் மேலே அம்மாவின் குரல் கேட்டது. ஆராதனை முடிந்ததும் யாரோ கொடுத்த இட்லியில் ஐந்தாறு சாப்பிட்டாள். மறுநாள் களையெடுக்கக் கிளம்பினாள்.

நான் மட்டும் நாலைந்து நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நேரம் காத்திருந்தும் அன்றைக்கு ஒருவரும் எழுந்து வரவில்லை என்றுதான் வெகுநாள் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.