மார்க்கையன்கோட்டையில் ஒரு சீமெண்ணெய்க் காத்தாடி

பழைய சாமான் சேர்க்கும் கிறுக்கு எனக்கு உண்டு என்பது இங்கே வழக்கமாக வருகிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். மதுரையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். 1920களிலிருந்து 1940களுக்குள் செய்த இயந்திரம் எதுவானாலும் என் கை சும்மா இருக்காது. சாவி கொடுக்கும் கிராமபோன், பித்தளை ஸ்டவ், வால்வு ரேடியோ என்று வீட்டில் நிறைய இருக்கிறது. எல்லாமே ஓடும். ஓடாததை நான் அலமாரியில் வைப்பதில்லை. தற்பெருமைதான், இருந்துவிட்டுப் போகட்டும்.

என்னிடம் இல்லாதது சீமெண்ணெய்க் காத்தாடி. கரண்டு எட்டிப்பார்க்காத ஊர்களில் வசதியானவர்கள் வாங்கி வைத்த விசிறி அது. அடியில் ஒரு விளக்கு எரியும். அந்தச் சூட்டில் மேலே இருக்கும் சிலிண்டருக்குள் காற்று விரிந்து சுருங்கி, பிஸ்டனைத் தள்ளி, றெக்கையைச் சுற்ற வைக்கும். பல வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தேன். கம்பத்தில் திராட்சை வியாபாரம் செய்யும் தோழி ஒருத்தி மாசி மாதம் ஒரு படம் அனுப்பினாள். மார்க்கையன்கோட்டையில் ஒரு விவசாயக் குடும்பத்தில் இருக்கிறதாம், ஓடாதாம், விற்கிறார்களாம். போனிலேயே விலை பேசி முடித்து, முன்பணமும் அனுப்பி, பங்குனி பிறந்ததும் கிளம்பிவிட்டேன்.

மதுரை ஆரப்பாளையத்தில் காலை ஆறரைக்குப் பஸ். தேனி 75 கிலோமீட்டர், டிக்கெட் 70 ரூபாய், இரண்டு மணி நேரம். தேனியில் இறங்கியதும் அல்லிநகரம் பக்கம் நடந்து, ஒரு விளக்குச் சாமான் கடையில் பட்டைத் திரி இரண்டு முழம் வாங்கிக்கொண்டேன். அங்கிருந்து சின்னமனூருக்கு 25 ரூபாய் டிக்கெட். வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள், மலை கூடவே வரும். சின்னமனூரிலிருந்து ஆறு கிலோமீட்டருக்கு ஆட்டோ 150 ரூபாய் கேட்டார்கள், கொடுத்தேன்.

"யார் வீட்டுக்குப் போறீக?" என்றார் ஆட்டோக்காரர்.

"பாண்டியம்மாள் வீடு."

"அட, காத்தாடி வீடா! ஓடாத காத்தாடி வீடுன்னு சொன்னாத்தான இங்கன தெரியும்!" சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

பாண்டியம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். வாசலிலேயே என் பையை வாங்கிக்கொண்டு, மோர் கொடுத்துவிட்டு, நேரே காத்தாடி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். கூடத்து மரப்பலகையில் இடுப்புயரத்துக்கு நின்றது. பித்தளை றெக்கைகளில் சந்தனமும் குங்குமமும் அடை அடையாக அப்பியிருந்தன. வாயில் எச்சில் ஊறியது, அதுதான் உண்மை.

"எடுத்துட்டுப் போயிரு தங்கச்சி," என்றார். "மாமனாரோட அப்பா வாங்குனது. நான் வாக்கப்பட்டு வந்த நாள்லயே எங்க ஆளுக கேட்டாக, ஓடுமான்னு. எல்லாரும் முழிச்சாக. முப்பது வருசமா கேக்குறாக. வர்ற ஞாயித்துக்கிழமை மகனுக்குப் பேசுன பொண்ணு வீட்டுக்காரக வீடு பாக்க வாராக. அவுகளும் கேப்பாக. இன்னொரு தடவ என்னால தலையக் குனிய முடியாது."

ஊரே அந்தக் குடும்பத்தைக் காத்தாடி வீடு என்கிறது. ஆனால் அது சுற்றுவதைப் பார்த்தவர் ஒருவர்கூட இன்று உயிரோடு இல்லை.

எடுத்துப்போக மூட்டை கட்டுவதற்கு முன் வழக்கம்போல அடித்தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே பிஸ்டனைச் சுற்றி பழுப்பு நிறத்தில் பிசின் மாதிரி இறுகிக் கிடந்தது. மோந்து பார்த்தேன். நல்லெண்ணெய்!

"இதுல எண்ணெய் விடுவீகளா?"

"விடாம? வருசம் தவறாம ஆயுத பூஜைக்கு ஊத்துவோம்ல. மாட்டுவண்டி அச்சுக்கு எப்படி ஊத்துவோமோ அப்படி, வழிய வழிய."

புதிர் விளங்கிவிட்டது. வண்டி அச்சு எண்ணெய் குடித்தால் ஓடும். இந்த பிஸ்டனுக்கோ ஒரு சொட்டு லேசான எண்ணெய் போதும். பக்தியாக ஊற்றிய எண்ணெய் உள்ளே வெந்து, இறுகி, காத்தாடியைக் கட்டிப்போட்டுவிட்டது. பழுதே இல்லை! வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினால் பொருள் என்னுடையது. வீட்டில் கழுவி ஓட்டிக்கொள்ளலாம். அதைத்தான் செய்ய நினைத்தேன், சத்தியமாக.

அப்போதுதான் எதிர்வீட்டு மளிகைக்கடைத் தவசி அண்ணாச்சி எட்டிப்பார்த்தார். "அது பொம்மை காத்தாடிம்மா. வெள்ளக்காரன் தலையில கட்டிட்டுப் போனது. ஓடவே ஓடாது. பொம்பளப்புள்ள நீங்க என்னத்தப் பாத்துறப் போறீக?"

பாண்டியம்மாள் தலை தானாகக் குனிந்தது. எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. காத்தாடியைச் சொன்னதற்கா, பொம்பளை என்றதற்கா, அந்தத் தலை குனிந்ததற்கா, தெரியவில்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். "ஓடும். நான் ஓட்டிக் காட்டுறேன்," என்று சொல்லிவிட்டேன்.

"சீமெண்ணெய் இருக்கா அண்ணாச்சி?" என்றேன். இளக்காரமாகச் சிரித்தபடி அவர் கடையிலிருந்தே ஒரு பாட்டில் வந்தது.

மத்தியானம் முழுக்க வேலை. பிஸ்டனைச் சீமெண்ணெயில் ஊறப்போட்டு, துணியால் துடைத்து, மறுபடி ஊறப்போட்டு, மறுபடி துடைத்தேன். சோறு வந்தது, ஒரு கையால் சாப்பிட்டேன். தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டு மாட்டினேன். அல்லிநகரம் திரியைக் கோத்து, விளக்கை ஏற்றி, சூடேறக் காத்திருந்தோம். இதற்குள் தெருவில் பாதி கூடத்துக்குள் வந்திருந்தது.

றெக்கையை விரலால் தள்ளினேன். இரண்டு சுற்று, நின்றுவிட்டது. தவசி அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். மறுபடி தள்ளினேன். நான்கு சுற்று, நின்றது. எனக்கு வேர்த்து ஊற்றியது. "இன்னும் கொஞ்சம் சூடு ஏறட்டும்," என்றேன், எனக்கே நம்பிக்கை இல்லாமல்.

மூன்றாவது தடவை தள்ளியபோது நிற்கவில்லை. டக், டக், டக் என்று மெதுவாக ஆரம்பித்து வேகம் எடுத்தது. காய்ந்த சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்து எங்கள் எல்லோர் மேலும் பறந்தது. பாண்டியம்மாள் சத்தம் போட்டு அழவில்லை. நாற்காலி ஒன்றை இழுத்து நேர் எதிரே போட்டார்.

"அண்ணாச்சி, இங்கன வந்து உக்காருங்க."

உட்கார்ந்தார்.

"காத்து வருதா?"

"வருது," என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"சத்தமாச் சொல்லுங்க, அங்கன நிக்கிறவுகளுக்குக் கேக்கட்டும்."

"வருதும்மா, வருது!"

கொடுத்த முன்பணத்தைப் பாண்டியம்மாள் என் கையில் திணித்தபோது எண்ணிப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டேன். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போனது என் ரோஷத்தால்தான். ஆனால் சின்னமனூர் திரும்பும்போது அதே ஆட்டோக்காரரிடம் "ஓடுற காத்தாடி வீடுன்னு சொல்லுங்க இனிமே" என்று நான் சொன்ன தோரணையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மடியில் பாண்டியம்மாள் கொடுத்த நாலு தேங்காய்.

இந்தப் பக்கம் பழஞ்சாமான் தேடிப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். தேனியிலிருந்து காலையில் கிளம்பினால் ஒரே நாளில் போய்த் திரும்பலாம். கடைசி பஸ்ஸை நம்பாதீர்கள். சீமெண்ணெயைப் பஸ்ஸில் கொண்டுபோகாதீர்கள், தையல் மிஷின் எண்ணெய் கட்டாயம் இருக்கட்டும். சந்தனம், குங்குமத்தைச் சுரண்டாதீர்கள், அதுவும் அந்தப் பொருளின் வயசுதான். பொருளைக் கட்டாயம் வாங்கியே ஆக வேண்டும் என்று போகிறீர்கள் என்றால், உள்ளூர்க்காரர் யாராவது சீண்டினால் வாயைத் திறக்காதீர்கள்.

என் அலமாரியில் அதற்காக ஒழித்துவைத்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அங்கே என்ன வரப்போகிறது என்று கேட்கிறவர்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாண்டியம்மாள் போனில் அனுப்பிய குரல் பதிவைப் போட்டுக் காட்டுகிறேன். பின்னால் டக், டக் என்று கேட்கும். முன்னால் அவர் குரல்: "தங்கச்சி, சம்பந்தி வீட்டுல கேட்டாக, ஓடுமான்னு. நான் பதிலே சொல்லல. நாற்காலிய இழுத்துப் போட்டேன்."